வில்லையும் சிமிழும்

மூக்குக்கண்ணாடி அணிவது ஒரு காலத்திற் கல்வியின் அடையாளமாகக் கருதப்பட்டது. இக்காலத்து இளைஞர் பலர் அதனைக் கழற்றி வைத்துவிட்டு, விழியின் மேலேயே மெல்லிய வில்லை ஒன்றை அணிந்துகொள்ள விரும்புகின்றனர். ‘கொண்டாக்ட் லென்ஸ்’ என வழங்கும் இவ்வில்லைகள் மாணவரிடையேயும் ஆசிரியரிடையேயும் பழக்கத்துக்கு வந்துவிட்டன. துடுப்பாட்டம் ஆடுவோர்க்கும் மழையிலே சைக்கிளிற் செல்வோர்க்கும் அவை தரும் வசதி பெரிது. ஆயினும் அவற்றை வாங்கச் செல்வோர் விலையையும் நிறத்தையும் விசாரிக்கின்றனரேயன்றி, நாள்தோறும் அவற்றை எவ்வாறு கழுவி வைத்தல் வேண்டும் என்பதை விசாரிப்பது அரிதாகவே இருக்கின்றது. ஆதலின் இவ்விழா மலரிலே அப்பொருள் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

நாம் கூறப் புகுவதன் சாரம் ஒன்றே. குடிப்பதற்குத் தகுந்த நீர், வில்லைக்குத் தகுந்த நீர் அன்று. இதனை மனத்திற் கொண்டோர்க்கு ஏனைய விதிகள் யாவும் எளிதில் விளங்கும்.

இக்கட்டுரையைக் குறிஞ்சிப்பிட்டியில் வாழும் ஒரு மாணவனை மனத்திலிருத்தியே எழுதுகின்றோம். புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாடு, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலம். அங்கே நிலத்தடி நீர் ஆழத்தில் இல்லை. சில அடி தோண்டியவுடன் ஊறும் கிணறுகளைக் கொண்டே வெங்காயமும் மிளகாயும் விளைவிக்கின்றனர். சோளகம் வீசும் மாதங்களிலே மணல் பறந்து கண்ணில் விழும். கிணறு, களப்பு, கடல், காற்று, தோட்டத்து மண் என்னும் ஐந்தும் அவ்வூர் வாழ்வின் ஆதாரங்கள். வில்லை அணிந்த கண்ணுக்கோ அவை ஐந்தும் ஐயத்துக்கு உரியன. அஃது எங்ஙனம் என்பதைக் காண்போம்.

கண்ணும் வில்லையும்

கண்ணின் முன்புறத்தே, கடிகாரத்தின் முகப்புக் கண்ணாடி போலக் கருமணியை மூடி நிற்பது விழிவெண்படலம். அதன் தடிப்பு அரை மில்லிமீற்றருக்குச் சற்றே அதிகம். ஒளியைத் தடையின்றிப் புகவிடுதற்பொருட்டு, இரத்தக் குழாய் ஒன்றேனும் இன்றி அஃது அமைந்துள்ளது. ஆகவே தனக்கு வேண்டிய ஒட்சிசனை அது பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து கண்ணீரின் வழியாகவே பெறுகின்றது. இமைக்குந்தோறும் கண்ணீர் அதனைக் கழுவி, வந்து படியும் தூசியையும் கிருமியையும் அகற்றுகின்றது.

வில்லையை அணிந்தவுடன் இவ்விரு தொழில்களும் ஓரளவு தடைப்படுகின்றன. காற்றுக் குறைகின்றது, கண்ணீரின் ஓட்டம் தளர்கின்றது. மணற்றுகளாலோ நகத்தாலோ படலத்தில் நுண்ணிய கீறல் ஏற்படின், வில்லையில் ஒட்டியுள்ள கிருமி அதன் வழியே உட்புகும். இரத்தக் குழாய் இல்லாத இடமாதலின் உடலின் காவற்படை அங்கு விரைந்து சென்று சேர்வதும் எளிதன்று. புண் ஆறினும் அவ்விடத்தே வெண்டழும்பு எஞ்சும். கையில் ஏற்படும் தழும்பு அழகை மட்டுமே கெடுக்கும். இங்கே ஏற்படும் தழும்பு ஒளியையே மறைக்கும்.

வில்லையின் வரலாற்றையும் சிறிது அறிதல் நன்று. 1888 ஆம் ஆண்டில் அடோல்ஃப் ஃபிக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் கண்ணாடியால் ஆன வில்லைகளைப் பற்றி எழுதினார். அவை கனமானவை, நெடுநேரம் அணிய இயலாதவை. 1961 ஆம் ஆண்டு இறுதியில் ஓட்டோ விக்டர்லே என்னும் செக் நாட்டு இரசாயன அறிஞர், சிறுவர் விளையாட்டுக் கருவித் தொகுதியின் உறுப்புகளையும் சைக்கிள் தைனமோவையும் கொண்டு தம் வீட்டிலேயே ஒரு பொறி அமைத்து, மென்மையான வில்லைகளை வார்த்தெடுத்தார். 1971 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க அரசின் அனுமதி பெற்று இவ்வகை வில்லை விற்பனைக்கு வந்தது. அதன் நிறையில் 100க்கு 38 பங்கு நீர். அதன் மென்மைக்குக் காரணம் அந்நீரே. அதன் ஆபத்துக்குக் காரணமும் அதுவே. கடற்பஞ்சு போல, எந்நீரில் இடுகின்றோமோ அந்நீரையும் அதிலுள்ளவற்றையும் அது தன்பால் ஈர்த்துக்கொள்கின்றது.

நீர் பகையாவது எங்ஙனம்?

நீராற் கழுவினாற் சுத்தம் என்பது நமக்குத் தொட்டிற் பழக்கம். உண்கலத்தையும் உடையையும் உடலையும் நீராலேயே தூய்மை செய்கின்றோம். ஆதலின் வில்லையையும் கிணற்றடியிலே இரு முறை அலசிவிட்டாற் போதும் என எண்ணுவது இயல்பே. ஆனால் மண்ணிலும் கிணற்றிலும் குளத்திலும் கடலிலும், நகரத்துக் குழாய் நீரிலுங்கூட, அக்காந்தமீபா என்னும் ஓருயிரணு உயிரி வாழ்கின்றது. அதனைக் குடித்தால் நமக்கு ஊறு நேர்வதில்லை. இரைப்பை அதனை வென்றுவிடும். விழிவெண்படலத்துக்கு அவ்வாற்றல் இல்லை.

இவ்வுயிரியின் ஓர் இனத்துக்குப் பெயர் தந்தவர் நம் நாட்டோடு தொடர்புடையவர். அல்டோ கஸ்தெல்லானி என்னும் இத்தாலிய மருத்துவர் 1903 முதல் 1915 வரை கொழும்பில் அரசாங்கப் பற்றீரியவியலாளராகப் பணிபுரிந்தார். பின்னர் 1930 ஆம் ஆண்டிலே, தாம் வளர்த்த மதுவக் கலவையில் அழையாது வந்து புகுந்திருந்த அமீபா ஒன்றை அவர் கண்டார். அது கண்ணை அழிக்க வல்லது என்பதை உலகம் அறிந்தது 1970களிலேயே. அதற்கு இரு வடிவங்கள் உண்டு. உணவு கிடைக்குங்கால் ஊர்ந்து திரியும். துன்பம் நேருங்கால் இரட்டைச் சுவருடைய கூடு ஒன்றைத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உறங்கும். அக்கூட்டினுள் இருக்கும்போது குடிநீரில் இடும் அளவு குளோரீனும் அதனைக் கொல்லாது.

1980களின் நடுப்பகுதியிலே ஐக்கிய அமெரிக்காவில் இந்நோய் திடீரெனப் பெருகிற்று. நோய்க் கட்டுப்பாட்டு நிலையத்தார் 208 நோயாளரின் விவரங்களைத் தொகுத்து ஆராய்ந்தனர். விவரம் தெரிந்தோருள் 100க்கு 85 பேர் வில்லை அணிவோர். அவர்களிற் பெரும்பான்மையோர், உப்பு மாத்திரையைக் காய்ச்சி வடித்த நீரிற் கரைத்துத் தாமே உப்புநீர் தயாரித்தவர்கள். காய்ச்சி வடித்த நீரில் உப்பும் உலோகமும் இல்லை என்பதே அதன் பெருமை. கிருமி இல்லை என்பதற்கு அஃது உறுதி அன்று. உப்பு விளையும் புத்தளத்து மக்களாகிய நாம் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளல் வேண்டும். உப்பு மீனைக் கெடாது காக்கும். அதனால் வில்லையையும் காக்கும் என எண்ணுதல் பிழை. கண்ணீருக்கு ஒத்த உப்புநீரில் நூற்றுக்கு ஒரு பங்கு உப்புக்கூட இல்லை. அவ்வளவு உப்பு எக்கிருமியையும் கொல்லாது.

‘கிணற்று நீரைக் கொதிக்க வைத்து ஆற்றிப் பயன்படுத்தலாமே’ எனச் சிலர் வினவுவர். கொதிக்கும் வேளையிற் கிருமி மடியும் என்பது மெய். ஆனால் ஆறும் வேளையிலே மூடியும் கையும் பாத்திரமும் மீண்டும் கிருமியைச் சேர்க்கும். நன்னீரில் இட்ட மென்வில்லை பருத்து, வடிவம் திரிந்து, கண்ணில் இறுக ஒட்டிக்கொள்ளும். கிணற்று நீரிற் கரைந்துள்ள சுண்ணாம்புப் பொருளும் கொதித்தலால் ஒழிவதன்று. வில்லையின் மேற் படிந்து கண்ணை உறுத்தும். ஆகவே இவ்வழியும் அடைபட்டதே.

சிங்கப்பூர் கற்பித்த பாடம்

நீரை விலக்கிக் கடையிற் கரைசல் வாங்கிப் பயன்படுத்துவோர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2005 மார்ச்சு முதல் 2006 மே வரையுள்ள காலத்திலே, சிங்கப்பூரில் 66 பேருக்குப் பியுசேரியம் என்னும் பங்கசினாற் கண்ணிற் புண் உண்டாயிற்று. ஐக்கிய அமெரிக்காவில் அக்காலத்தை ஒட்டி உறுதி செய்யப்பட்ட நோயாளர் 164 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர்க்கு விழிவெண்படலத்தை மாற்றும் சத்திர சிகிச்சை வேண்டியதாயிற்று. ஆராய்ந்தபோது, அவர்களுட் பலர் ‘ரெனு மொய்ஸ்சர்லொக்’ என்னும் ஒரே கரைசலைப் பயன்படுத்தியமை புலனாயிற்று. அதனைத் தயாரித்த போஷ் அண்ட் லோம்ப் நிறுவனம் 2006 மே மாதத்தில் உலகெங்கும் அதனை விற்பனையிலிருந்து மீட்டுக்கொண்டது.

பியுசேரியம் நமக்குப் புதிய பெயராயினும் கற்பிட்டித் தோட்டக்காரர் அதன் செயலை அறிவர். வெங்காயத்தின் அடியை அழுகச் செய்வது அவ்வினத்துப் பங்கசே. சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் நோயாளரிடம் கண்ட பங்கசுகள் ஒரே குலத்தன அல்ல, பல குலத்தன. ஆதலின் அவை ஒரு தொழிற்சாலையிலிருந்து போத்தலில் அடைபட்டு வந்தவை அல்ல. அவரவர் வீட்டிலிருந்தே சிமிழிற் புகுந்தவை என்பது தெளிவாயிற்று. கரைசல் அவற்றைக் கொல்லத் தவறியமையே கேடு.

தவறியதற்கு ஒரு காரணத்தை ஆய்வாளர் கூறினர். அதனைப் புத்தளத்து உப்பளத்தைக் கண்டோர் எளிதில் விளங்கிக்கொள்வர். பாத்தியிற் பாய்ச்சிய நீர் வெயிலில் வற்ற வற்ற, அதிற் கரைந்திருந்தவை செறிந்து ஏடாகப் படிகின்றன. அவ்வாறே சிமிழில் எஞ்சிய கரைசல் வற்றுங்கால், வில்லையின் ஈரத்தைக் காக்கச் சேர்த்த பொருள் செறிந்து படலமாகிற்று. அப்படலம் பங்கசுக்குப் போர்வையாயிற்று. நேற்றைய கரைசலைக் கொட்டாது, அதன் மேலே இன்று சில துளி சேர்த்து நிரப்பும் வழக்கம் உடையோர்க்கு இத்தீங்கு மிகுந்தது.

இவ்வழக்கம் தோன்றுவது சோம்பலால் மட்டும் அன்று, சிக்கனத்தாலும் ஆகும். கரைசற் போத்தலின் விலை ஒரு மாணவனுக்குச் சிறிதன்று. ‘பாதியை ஏன் கொட்டுவான்?’ என்பது நம் வீடுகளில் நாம் கேட்டு வளர்ந்த வினா. எண்ணெயிலும் அரிசியிலும் அச்சிக்கனம் நன்று. இங்கோ, ஒரு முறை பயன்பட்ட கரைசல் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. அதன் கிருமிகொல் ஆற்றல் செலவாகிவிட்டது. எஞ்சியிருப்பது கரைசல் அன்று, கழுவிய அழுக்கு நீரே.

நாள்தோறும் செய்ய வேண்டுவன

முதலாவதாக, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நூல் உதிராத தூய துவாயினால் ஈரம் போகத் துடைத்தல் வேண்டும். ஈரக் கையினால் வில்லையைத் தொடின், விலக்கிய நீரையே மீண்டும் அழைத்தவராவோம். தோட்டத்திலிருந்தோ கடற்கரையிலிருந்தோ வந்தவர் நகக்கண்களையும் தூய்மை செய்தல் வேண்டும்.

இரண்டாவதாக, எப்பொழுதும் ஒரே கண்ணின் வில்லையை முதலிற் கழற்றும் வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும். வலமும் இடமும் மாறாதிருக்க இதுவே வழி. கழற்றிய வில்லையை உள்ளங்கையில் வைத்து, பன்னோக்குக் கரைசலிற் சில துளி இட்டு, விரல் நுனியால் இரு புறமும் மென்மையாகத் தேய்த்தல் வேண்டும். ‘தேய்க்க வேண்டியதில்லை’ எனப் போத்தலில் எழுதியிருப்பினும் தேய்ப்பதே நன்று. கிருமிகள் வில்லையில் வெறுமனே மிதப்பனவல்ல. பாசி போல ஒட்டிக்கொள்வன. விரல் ஒட்டுதலை அறுக்கும். கரைசல் அறுபட்டதைக் கொல்லும்.

மூன்றாவதாக, தேய்த்த வில்லையை அதே கரைசலை ஊற்றி அலச வேண்டும். அலசிய பின், சிமிழில் முழுவதும் புதிய கரைசலை நிரப்பி, வில்லை அமிழும்படி இட்டு மூட வேண்டும். எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்பது போத்தலிலே குறிக்கப்பட்டிருக்கும். இரவு முழுதும் ஊறவிடின் அவ்வளவும் நிறைவேறும்.

சாதாரண உப்புக் கரைசல் அலசுதற்கு மட்டுமே உரியது. கிருமியை ஒழித்தற்கு உரியதன்று. ஐதரசன் பரவொட்சைட்டுச் சேர்ந்த கரைசல் வேறொரு வகை. அது கிருமியை வலிமையாகத் தாக்கும். ஆனால் நேரே கண்ணிற் பட்டாற் கடுமையாக எரிக்கும். அதற்கெனத் தரப்படும் சிறப்புச் சிமிழில், குறித்த நேரம் முழுவதும் இருந்து அஃது அடங்கிய பின்னரே வில்லையை எடுக்கலாம். புண் கழுவ மருந்துக்கடையில் விற்கும் பரவொட்சைட்டை இதற்குப் பதிலாகக் கொள்ளல் ஒருபோதும் ஆகாது.

சிமிழைப் பேணுதல்

வில்லையைக் கவனமாகக் கழுவுவோரும் மறந்துவிடுவது சிமிழை. சோற்றுப் பானையைக் கழுவாது நாளும் புதுச் சோறு சமைப்பவர் யாரேனும் உளரோ? காலையில் வில்லைகளை அணிந்தவுடன் பழைய கரைசலைக் கொட்டிவிட வேண்டும். தூய விரலால் சிமிழின் உட்புறத்தைத் தேய்த்து, புதிய கரைசலால் அலசி, தூய ரிஷூக் கடதாசியால் துடைத்து, மூடிகளைத் திறந்தபடி கடதாசியின் மேற் கவிழ்த்து உலரவிட வேண்டும். இதற்கும் குழாய் நீரோ கிணற்று நீரோ ஆகாது. ஈரத்திலேயே கிருமி பெருகும். உலர்ந்த சிமிழ் அதற்குப் பாலை. உலர வைக்கும் இடம் மலசலகூடத்துக்கு அணித்தாகவோ மணற்காற்றுப் புகும் யன்னலோரமாகவோ இருத்தல் கூடாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் சிமிழை எறிந்துவிட்டுப் புதியது கொள்ள வேண்டும். வெடிப்புக் கண்டால் அன்றே எறிய வேண்டும். போத்தலின் வாயைக் கையோ சிமிழோ தொடலாகாது. பயணத்துக்கென வேறு சிறு போத்தலிற் கரைசலை ஊற்றி வைப்பதும் தவறு. திறந்த பின் குறித்த நாட் கழிந்தால், மீதியிருப்பினும் கொட்டிவிடுக.

செய்யத்தகாதவை

கீழே விழுந்த வில்லையை நாவில் நனைத்து அணிதல் கொடிய வழக்கம். வாயிலுள்ள பற்றீரியாக்கள் கண்ணுக்கு உரியனவல்ல. வில்லையுடன் குளித்தலும், களப்பிலோ கடலிலோ நீந்துதலும், உறங்குதலும் ஆகா. குறிஞ்சிப்பிட்டி மாணவன் தோணியேறுமுன் வில்லையைக் கழற்றிக் கண்ணாடி அணிந்துகொள்வானாக. ஆகவே வில்லை அணிவோர் யாவரிடத்தும் ஒரு மூக்குக்கண்ணாடி ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

ஒரு நாள் மட்டும் அணிந்து எறியும் வில்லைகளும் உண்டு. அவற்றுக்குச் சிமிழும் வேண்டா, கரைசலும் வேண்டா. 2022 ஆம் ஆண்டில் வெளியான லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் வைத்தியசாலை நோயாளர் பற்றிய ஆய்வொன்று, மீள மீளப் பயன்படுத்தும் வில்லை அணிவோர்க்கு அக்காந்தமீபா நோய் வரும் வாய்ப்பு, ஒரு நாள் வில்லை அணிவோரினும் ஏறத்தாழ நான்கு மடங்கு எனக் காட்டிற்று. ஆனால் ஒரு நாள் வில்லையை நீரில் இட்டு வைத்து மறுநாளும் அணிவோர் இந்நன்மை முழுவதையும் இழப்பர்.

நோயின் அறிகுறிகள்

கண் சிவத்தல், வலித்தல், ஒளியைக் காணக் கூசுதல், பார்வை மங்கல், நீர் வடிதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் வில்லையை உடனே கழற்ற வேண்டும். கழற்றிய பின்னும் குறையாதாயின் அன்றைக்கே கண் வைத்தியரை நாட வேண்டும். வில்லையையும் சிமிழையும் போத்தலையும் உடன் கொண்டு செல்வது நன்று. எக்கிருமி என்பதை அவற்றிலிருந்தும் அறியலாம். நந்தியாவட்டைப் பூச்சாறும் தாய்ப்பாலும் கண்ணுக்கு இடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அன்போடு செய்யப்படினும் புண்பட்ட படலத்துக்கு அவை தீங்கே தரும். மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டிரொயிட் துளிகள் இன்னும் கொடியவை. சிவப்பைத் தணித்து, உள்ளே பங்கசை வளர்க்கும்.

பங்கசுக்கு மருந்து வேறு, பற்றீரியாவுக்கு மருந்து வேறு. மதுரை அரவிந்த் கண் வைத்தியசாலை முதலியவற்றில் நடத்தப்பெற்று 2013 இல் வெளியான ஆய்வு, பியுசேரியப் புண்ணுக்கு நட்டமைசின் என்னும் மருந்தே மேம்பட்டது எனக் காட்டிற்று. இவ்வேறுபாட்டை ஆய்வுகூடத்தின் துணைகொண்டு வைத்தியர் அறிவாரேயன்றி நாம் அறியோம். கற்பிட்டியிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தொலைவு. ‘நாளை பார்ப்போம்’ என்று ஒருநாள் தாழ்த்துதல் அத்தொலைவை இன்னும் நீட்டும்.

விழிவெண்படலம் முற்றாகக் கெட்டவிடத்து எஞ்சும் வழி, இறந்த ஒருவர் கொடுத்துச் சென்ற படலத்தைப் பொருத்துதலே. இத்தானத்தில் நம் நாடு உலகறிந்தது. டாக்டர் ஹட்சன் சில்வா 1961 ஆம் ஆண்டில் இலங்கைக் கண் தானச் சங்கத்தை நிறுவினார். 1964 ஆம் ஆண்டில் இங்கிருந்து முதன்முதலாக வெளிநாட்டுக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. அவை சென்ற இடமும் சிங்கப்பூரே. ஒரு குடும்பம் தன் துயரத்தினிடையே கொடுக்கும் அக்கொடை, விபத்தாலும் பிறவிக் குறையாலும் பார்வை இழந்தோர்க்குச் சென்று சேர வேண்டியது. சில துளி கரைசலை மிச்சப்படுத்தியதால் நமக்கே அது வேண்டிவருமாயின், அதனினும் பெரிய ஊதாரித்தனம் வேறில்லை.

புதிய கரைசலை நாள்தோறும் பயன்படுத்தப் பொருள் வசதி இல்லாதோர்க்கு நாம் கூறும் அறிவுரை ஒன்றே: மூக்குக்கண்ணாடியே அணிக. அதில் இழிவு யாதும் இல்லை. வசதியுடையோர் விதிகளை வழுவாது கைக்கொள்க. பிள்ளைகள் தங்கியிருக்கும் விடுதிகளை நடத்துவோர்க்கும் ஒரு வேண்டுகோள். கை கழுவும் இடத்தருகே சவர்க்காரமும், கடதாசித் துண்டுகளும், சிமிழ்களைக் கவிழ்த்து உலர்த்த மூடிய தட்டு ஒன்றும் இருக்குமாறு செய்தல் வேண்டும். செலவு சிறிது, காக்கப்படுவது கண்.